ரன்னுன்னா ஓடு... அவ்ளோதானா?

போன ஞாயித்துக்கிழமை ஏற்காடு போலாம்னு கிளம்பி, அடிவாரத்துலயே முக்கால் மணி நேரம் உக்காந்துட்டேன். வண்டி ரிப்பேர் இல்லை, ட்ராஃபிக்கும் இல்லை. ஒரு டீ, ரெண்டு வடை, ஒரு ஆறாங்கிளாஸ் இங்கிலீஷ் நோட்டு. இந்தப் பதிவுக்கு முழுக் காரணமும் அந்த நோட்டுதான்.

அடிவாரம்னா சேலத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். மத்தவங்களுக்காக: சேலத்துலேந்து ஏற்காடு போற ரோடு சேர்வராயன் மலையைத் தொடுற எடம் அது. அங்கேருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. (இங்கிலீஷ்காரன் சொன்னதை அப்படியே தமிழ்ல மாத்தி வச்ச பேரு இது. ஆனா யாருக்கும் உறுத்தறதில்ல பாருங்க, கொண்டையும் நம்மது, ஊசியும் நம்மது.) மேல ஏர்றதுக்கு முன்னாடி அடிவாரத்துல ஒரு டீ அடிக்கிறது இருபது வருசப் பழக்கம் எனக்கு.

நான் எப்பவும் நிக்கிற கடை ஒரு அக்கா நடத்துறாங்க. அவங்க பொண்ணு கடைக்குள்ள ஸ்டூல்ல உக்காந்து ஒரு நோட்டையே மொறைச்சுப் பாத்துட்டு இருந்தா. "என்ன கண்ணு, நோட்டு எதாச்சும் திட்டுதா?"ன்னு கேட்டேன். பேசாம நோட்டைத் திருப்பிக் காட்டினா.

சொந்தமா அஞ்சு வாக்கியம் எழுதச் சொல்லியிருக்காங்க. தலைப்பு, என் குடும்பம். இவ மூணாவதா எழுதினது: "மை மதர் ரன்ஸ் எ டீ ஷாப்." அதைச் சுத்தி சிவப்பு மையில ஒரு வட்டம். பக்கத்துல "ரன் = ஓடு" அப்படின்னு ஒரு குறிப்பு. கீழ திருத்தம்: "மை மதர் ஹேஸ் எ டீ ஷாப்." அஞ்சுக்கு நாலு மார்க்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தப்பைத் தப்புன்னு சொன்னா சரி. அந்த அஞ்சு வாக்கியத்துலயே அசல் இங்கிலீஷ் அந்த ஒண்ணுதாங்க. மீதி நாலும் கைடுல இருக்கிற மாதிரி.

"யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா இதை?"

"யாரும் சொல்லல. பெங்களூர் கார் ஒண்ணு வந்துச்சு. அந்த ஆன்ட்டி 'ஹூ ரன்ஸ் திஸ் ஷாப்'னு கேட்டாங்க. நான் முழிச்சேன். கூட வந்த அங்கிள் 'கடையை யாரும்மா நடத்துறது'ன்னு தமிழ்ல கேட்டாரு. ஓ, இதுக்கும் ரன்னுதானான்னு தெரிஞ்சுது."

மக்களே, இதுக்குப் பேருதான் மொழி கத்துக்கிறது. ஒருத்தர் ஒரு வார்த்தையைச் சொல்றதைக் கேட்டு, சொன்ன இடத்தைப் பாத்து, அர்த்தத்தைத் தானே பிடிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை உருவாக்கினவங்க செஞ்சதும் இதேதான். ஊர் ஊரா ஆளுங்க புத்தகங்களைப் படிச்சு, ஒரு வார்த்தை எந்த வாக்கியத்துல எப்படி வந்திருக்குன்னு துண்டுச் சீட்டுல எழுதி அனுப்ப, அதைப் பிரிச்சுப் பிரிச்சு அர்த்தம் எழுதினாங்க. இந்தப் பொண்ணு டீ கிளாஸ் கழுவிக்கிட்டே ஒரு சீட்டு எழுதியிருக்கா, அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, அந்த அகராதிக்காரங்க இந்த "ரன்"னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாப்போம். 1989ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் பதிப்புல "செட்" தான் ராஜா. சுமார் 430 அர்த்தம். அப்புறம் மூணாம் பதிப்புக்காக ஒவ்வொரு வார்த்தையா திருத்திக்கிட்டு வந்தாங்க. 2011ல "ரன்" முடிஞ்சப்ப கணக்குப் பாத்தா, வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர்ங்கிற ஆசிரியர் இந்த ஒரே வார்த்தையோட ஒன்பது மாசம் மல்லுக்கட்டியிருக்கார். ஒன்பது மாசம்! பத்து மாசம்னா ஒரு பிள்ளையையே பெத்துடலாம் :-)

ஏன் இவ்ளோ வீங்கிப் போச்சுன்னா, மெஷின் வந்ததுதான் முக்கியக் காரணம்னு சொல்றாங்க. குதிரையும் மனுசனும் ஆறும் ஓடிட்டு இருந்த வரைக்கும் ஒரு அளவோட இருந்திருக்கு. அப்புறம் ரயில் ஓடிச்சு, மில் ஓடிச்சு, மோட்டார் ஓடிச்சு, கடைசியா கம்ப்யூட்டர்ல ப்ரோகிராம் ஓடிச்சு. ஒவ்வொண்ணுக்கும் புதுசா ஒரு வார்த்தை உண்டாக்காம, இருக்கிற ரன்னையே ஓட விட்டுட்டாங்க.

இப்ப தமிழுக்கு வாங்க. வண்டி ஓடுது. மில்லு ஓடுது. கடிகாரம் ஓடுது. ஃபேன் ஓடுது. படம் நூறு நாள் ஓடுது. காலம் ஓடுது. மூளை ஓட மாட்டேங்குது. இந்த ரூட்ல பஸ் ஓடுதா? பொழப்பு எப்படி ஓடுது? ஆத்துல தண்ணி ஓடுது. ஒடம்புல ரத்தம் ஓடுது. மின்னோட்டம், எண்ண ஓட்டம், தேரோட்டம். புதுத் தேரை முதல் தடவையா இழுத்துப் பாக்கிறதுக்கு வெள்ளோட்டம்னு பேரு. அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்: ட்ரையல் ரன்!

கடல் தாண்டி இருக்கிற ரெண்டு மொழி, சொந்தபந்தம் ஒண்ணும் கிடையாது, ஆனா ரெண்டும் தனித்தனியா யோசிச்சு ஒரே எடத்துக்கு வந்து நிக்குது. அமெரிக்காவுல சின்ன ஓடைக்கே "ரன்"னுன்னு பேரு உண்டு. 1861ல அவங்க உள்நாட்டுப் போர்ல முதல் பெரிய சண்டை நடந்த எடம் "புல் ரன்". அது மாடு ஓடின எடம் இல்லைங்க, ஒரு ஓடையோட பேரு.

ரன்னோட பூர்வீகமே தண்ணிதான். பழைய ஜெர்மானிய மொழிகள்ல "ரின்னன்". இன்னிக்கும் ஜெர்மன்ல "ரின்னென்"னா ஒழுகுறது, வழியறது. பழைய இங்கிலீஷ்ல இந்த வார்த்தை "இயர்னன்" அப்படின்னும் வரும். ர இருந்த எடத்துலேந்து துள்ளிக் குதிச்சுப் பின்னாடி போயிடுச்சு. சிரிக்காதீங்க, மதுரையை மருதைன்னும் குதிரையை குருதைன்னும் நம்ம பாட்டிங்க சொல்லலியா? அதே கதைதான்.

இன்னொண்ணு. நாமெல்லாம் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணோமே, சிங் - சேங் - சங், பிகின் - பிகேன் - பிகன். அந்த வரிசைப்படி பாத்தா இதுவும் ரின் - ரேன் - ரன்னுன்னுதான் இருந்திருக்கணும். மூணாவது எடத்துல இருந்த "ரன்" முதல் எடத்தையும் பிடிச்சுக்கிச்சு. அதனாலதான் ரன் - ரேன் - ரன்னுன்னு முதலும் கடைசியும் ஒரே மாதிரி இருக்கு. ஸ்காட்லாந்துக்காரங்க பேச்சுல "ரின்" இன்னும் மிச்சம் இருக்கு. நம்ம ஏற்காட்டுல காப்பிச் செடியைக் கொண்டாந்து வச்சவர்னு சொல்ற 1820கள்ல இருந்த சேலம் கலெக்டர் காக்பர்ன் ஸ்காட்லாந்துக்காரர்தான். அந்த மலையில முதல்ல ஓடின இங்கிலீஷ்ல கொஞ்சம் ரின் கலந்திருந்தாலும் ஆச்சரியமில்ல.

நோட்டு விசயத்துக்கு வரேன். இதுலதான் மேட்டரே இருக்கு.

தமிழ்ல ஓடு வேற, ஓட்டு வேற. பஸ் ஓடுது, டிரைவர் ஓட்டுறார். தானா நடந்தா ஓடு, ஒருத்தர் நடக்க வச்சா ஓட்டு. ஆடு - ஆட்டு, கூடு - கூட்டு மாதிரி. பழைய இங்கிலீஷ்லயும் இப்படி ஒரு ஜோடி இருந்துச்சு. ஓடுறதுக்கு "ரின்னன்", ஓட வைக்கிறதுக்கு "ஏர்னன்". நாளாவட்டத்துல ரெண்டும் ஒண்ணாக் கலந்து, "ரன்"னே ரெண்டு வேலையும் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. அதாவது இங்கிலீஷ் ரன்னுக்குள்ள நம்ம ஓடும் இருக்கு, ஓட்டும் இருக்கு.

அப்ப "ரன் = ஓடு"ன்னு எழுதிப் போட்டா பாதி வார்த்தைதான் கைக்கு வருது. மை மதர் ரன்ஸ் எ டீ ஷாப்ங்கிறதுல அம்மா ஓடல. கடை ஓடுது, அம்மா அதை ஓட வைக்கிறாங்க. "கடையை ஓட்டுறேன்"னு தமிழ்லயே சொல்றோம். "எப்படியோ குடும்பத்தை ஓட்டிட்டு இருக்கேங்க"ன்னு அந்தக்காவே என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு தினம் தினம் வீட்டுல கேக்கிற தமிழ்லயே அந்த அர்த்தம் இருக்கு. "ஓடுன்னா ஓட்டுன்னும் வரும்"னு ஒரு வரி சொன்னாப் போதும், பொட்டுனு பிடிச்சுக்குவா. ஏன், சொல்லாமயே பிடிச்சுக்கிட்டா. நாமதான் அதைச் சிவப்பு மையில வட்டம் போட்டு வெளிய தள்ளிட்டோம்.

அதுக்காக எல்லா எடத்துலயும் ரெண்டும் ஒட்டிக்கும்னு சொல்ல வரல. அவங்க பள்ளிக்கூடத்தை ரன் பண்ணுவாங்க, நாம நடத்துவோம். யோசிச்சா நடத்துறதுன்னா நடக்க வைக்கிறது. அவங்க ஓட வைக்கிறதை நாம நிதானமா நடக்க வைக்கிறோம் :-) அமெரிக்காக்காரன் தேர்தல்ல ஓடுவான். பிரிட்டிஷ்காரன் நிப்பான். நம்மாளும் நிப்பார் (தோத்தா ஓடிடுவார்). அவங்க ரோடு மலைமேல ஓடும், நம்ம ரோடு போகும். அவங்க மூக்கு ஓடும், நம்ம மூக்கு ஒழுகும். காய்ச்சல் வந்தா அவங்களுக்கு ரன்னு, நமக்கு அடிக்கும். வெயில் அடிக்கும், காத்து அடிக்கும், நாத்தம் அடிக்கும், ஃபோன் அடிக்கும், பெயிண்ட் அடிப்போம், விசில் அடிப்போம், காப்பி அடிப்போம். அதுக்கும் கணக்கெடுக்க உக்காந்தா கில்லிவருக்கு இன்னொரு ஒன்பது மாசம் ஆகும். இந்த அடிக்கும் அடிவாரத்துல இருக்கிற அடிக்கும் சம்பந்தம் இல்லை, அது பாதம், இது அடிக்கிறது. அகராதியிலயும் தனித்தனியாத்தான் இருக்கும்.

பக்கத்து ஊட்டுத் தெலுங்கைப் பாருங்க. ஓடுன்னா அங்க தோத்துப் போறது. "ஓடிப்போயாடு"ன்னு தெலுங்குக்காரர் சொன்னா ஆளு ஓடிட்டான்னு தேடப் போயிடாதீங்க, தோத்துட்டான்னு அர்த்தம். சண்டையில தோத்தவன் ஓடுவான், அந்த வழியில போன அர்த்தம். ஒரே குடும்பத்துக்குள்ளயே ஒரு வார்த்தை இப்படித் திசை மாறுதுன்னா, ஒரு மொழி வார்த்தைக்கு இன்னொரு மொழியில ஒரே ஒரு வார்த்தைன்னு சமன்குறி போடுறதுல என்ன அர்த்தம் இருக்கு?

இந்த எடத்துல ரெண்டு கோஷ்டி சண்டைக்கு வருவாங்க, தெரியும்.

முதல் கோஷ்டி: "பாத்தியா, ஒரு வார்த்தைக்கு 645 அர்த்தம். இங்கிலீஷ் எவ்ளோ வளம்! தமிழ்ல என்ன இருக்கு, எல்லாத்துக்கும் ஒரு பண்ணு." அய்யா, 645ங்கிறது வளத்தோட கணக்கு இல்லை, உக்காந்து எண்ணினதோட கணக்கு. அவங்க எண்ணினாங்க. நாமளும் கொஞ்சம் எண்ணினோம். சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924லேந்து 1936 வரைக்கும் தொகுதி தொகுதியா வந்துச்சு, 1939ல அனுபந்தம். அதுக்கப்புறம் பேச்சும் எழுத்தும் மாறினதையெல்லாம் பாத்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தோட போட்டது க்ரியா அகராதி, 1992ல. அப்புறம் 2008லயும் 2020லயும் விரிவாக்கிப் போட்டாங்க. அதுல சாதாரண வினைச்சொல் எதையாவது எடுத்துப் பாருங்க, வரிசையா நிக்கும் அர்த்தம். எத்தனை வீட்டுல அது இருக்கு? பாக்கெட் சைஸ் இங்கிலீஷ் - தமிழ் டிக்ஷனரி இல்லாத வீடு இல்லை, தமிழ் - தமிழ் அகராதி இருக்கிற வீடு அபூர்வம்.

ரெண்டாவது கோஷ்டி நம்ம ஆளுங்க, அன்பானவங்க. "ரன்னே தமிழ்லேந்து போனதுதான்"னு ஆரம்பிப்பாங்க. வேணாங்க. கட்டுமரம் போச்சு, சுருட்டு போச்சு, மிளகுத்தண்ணி போச்சு, அணைக்கட்டும் போச்சு. ஆதாரத்தோட போனதே நிறைய இருக்கு, அதை வச்சுப் பெருமைப்படலாம். சத்தம் ஒத்துப் போச்சுன்னா சொந்தம்னு சொல்ல முடியாது. காசையே எடுத்துக்குங்க. நம்ம ஊர் நாணயத்தை வெள்ளைக்காரன் "கேஷ்"னு எழுதினது காசுலேந்து போனதுதான். ஆனா இப்ப பாங்க்ல சொல்ற கேஷ், பெட்டின்னு அர்த்தம் வர்ற பிரெஞ்சு வார்த்தை வழியா வந்தது. ரெண்டும் ஒரே எழுத்து, ஒரே சத்தம், அப்பன் வேற. ரன்னும் ஓடும் சொந்தமில்லாமயே ஒரே மாதிரி யோசிச்சதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமா இருக்கு. தாயாதின்னு நிரூபிச்சா அந்த ஆச்சரியம் போயிடும்.

இந்த விசயத்தை ஒரு நண்பர்கிட்ட ஃபோன்ல சொன்னேன். அவர் வாத்தியார். "நீ டீ குடிச்சுட்டுப் பேசுவ. கிளாஸ்ல நாப்பது பேரு, அதுல பத்துப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. முதல்ல ஒரு அர்த்தம் உக்காரட்டும், அப்புறம் 645க்குப் போலாம்"னார். நியாயம்தான், ஒத்துக்கறேன். முதல்ல ஓடுன்னே சொல்லிக் குடுங்க. ஒரு அர்த்தத்தோட ஆரம்பிக்கிறதுல தப்பே இல்லை. ஆனா ஒரு பிள்ளை ரெண்டாவது அர்த்தத்தைத் தானா பிடிச்சுட்டு வந்து நிக்கிறப்போ, அதை அடிச்சிடாதீங்கன்னுதான் கேக்கறேன். சந்தேகம் இருந்தா பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க, "எங்க கேட்ட?"ன்னு கேளுங்க. அதுக்கு நேரம் ஆகாது.

ஏன் இவ்ளோ கொதிக்கிறேன்னா, மலை மேல 1917லேந்து நடக்கிற மான்ட்ஃபோர்ட் மாதிரி பள்ளிக்கூடங்கள் இருக்கு. அங்க படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ் விளையாட்டு மைதானத்துலயும் சாப்பாட்டு மேசையிலயும் தானா காதுல விழும். அடிவாரத்துப் பிள்ளைக்கு விழறது வாரக் கடைசியில வந்து டீ குடிச்சுட்டுப் போற கார்க்காரங்க பேச்சுதான். அந்த ரெண்டு நிமிசத்துல பொறுக்கி எடுத்த ஒரு வாக்கியத்தைத் தப்புன்னு சொன்னா, அடுத்த தடவை அவ காதைத் திறந்து வைப்பாளா? காதை நம்பாத, கைடை நம்புன்னு தானே கத்துக்குவா?

அங்கேயே ஒரு பேப்பர் எடுத்து அந்த டீச்சருக்கு மரியாதையா நாலு வரி எழுதலாம்னு பேனாவைத் திறந்தேன். அந்தக்கா கையைப் பிடிக்காத குறை.

"வேணாம்ணா. அந்த டீச்சர் நல்லவங்க. போன வருசம் இவளுக்கு உடம்பு முடியாதப்ப அவங்க வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு மார்க்குக்காக அவங்க மனசு நோகக் கூடாது."

பேனாவை மூடிட்டேன். இதுக்கு மேல நான் என்ன சொல்ல? அந்த டீச்சரும் "ரன் = ஓடு"ன்னு யாரோ சிவப்பு மையில எழுதிக் குடுத்து வளந்தவங்களாத்தான் இருப்பாங்க.

பொண்ணு மட்டும் விடல. "அங்கிள், அப்ப இது ரைட்டா, ராங்கா?"

"ரைட்டுதான் கண்ணு. நூத்துக்கு நூறு ரைட்டு."

"அப்ப பரீட்சையில வந்தா எதை எழுதறது?"

அஞ்சு ரூபா சில்லறையைத் தேடுற மாதிரி கொஞ்ச நேரம் பாக்கெட்டைத் தடவிட்டு இருந்தேன். அப்புறம் "ஹேஸ்னே எழுதிடு, பேசறப்ப ரன்ஸ்னு பேசு"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன். ஏழாவது வளைவு வரைக்கும், சொன்னது சரியான்னு உள்ளுக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. இப்பவும் ஓடுது. உங்கள்ல வாத்தியார்கள் யாராச்சும் இருந்தா, நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க.

பி.கு: கிரிக்கெட்ல நம்ம பசங்க "ரன் அடிச்சான்"னு சொல்றதைக் கவனிச்சிருக்கீங்களா? சிக்ஸர் அடிச்சவன் ஒரு அடி கூட ஓடறதில்ல, ஆனாலும் இங்கிலீஷ்காரன் கணக்குல ஆறு "ஓட்டம்". நம்மாளு அதைப் பாத்துட்டு, ஓடாததை ஓட்டம்னு எப்படிச் சொல்றது, அடிச்சான்னே சொல்லுவோம்னு மாத்திட்டான். எனக்கென்னவோ நம்மாளு சொல்றதுதான் கரெக்டுன்னு படுது.

பி.பி.கு: இந்தப் பதிவு முழுக்க என்னையே ஓட்டி யாராச்சும் எதிர்பதிவு போடப் போறீங்கன்னு தெரியும். ஓட்டுன்னா கலாய்க்கிறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கே. அதையும் கணக்குல சேத்துக்கங்க :-)